கானாவில் வைபி ஆன குணாவுக்கு

லூனாஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் குணசுந்தரிக்கு,

அம்மா செல்லாயி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை குவாமேயும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், மாரியாத்தா அப்படியே வைத்திருக்கட்டும். இங்கே நாங்களும் இருக்கிறோம். நல்ல சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போனில் பேசலாம் என்றால் உன் ஆபீஸ் பெண் எடுத்து, நீ கூட்டத்தில் இருப்பதாக இங்கிலீஷில் சொல்கிறாள், எனக்குப் பதில் சொல்ல வராமல் ஓகே ஓகே என்று வைத்துவிடுகிறேன். அதனால் தாளிலேயே எழுதுகிறேன், உன் தம்பி திவாகரன் படம் பிடித்து அனுப்புவான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ போன மாதம் அனுப்பிய குரல் செய்தியைப் பின்வாசலில் துணி காயப்போடுகிற சாக்கில் மூன்று தடவை கேட்டேன். "அம்மா, எனக்கு முடியலம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடலாமான்னு இருக்கு" என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. உடனே வந்துவிடு கண்ணு என்று அன்றைக்கே எழுத நினைத்தேன். எழுதாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு காஞ்சனாவுக்கு வாய் சும்மா இருக்காது. நீ பார்லிமெண்டுக்குப் போனதிலிருந்து அவள் உன்னை வைபி என்றுதான் சொல்கிறாள், இங்கே மெம்பர்களை அப்படித்தானே கூப்பிடுகிறோம். "அக்கா, ஒங்க பொண்ணு வைபிகிட்ட சொல்லி நம்ம தாமான் லோங்காங்க சுத்தம் பண்ணச் சொல்லுங்கலா" என்று சிரிக்கிறாள். நம் வீட்டுக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது, ஆப்பிரிக்காவிலிருந்து நீ என்ன செய்வாய். அவள்தான் ஒரு தமிழ்ப் பத்திரிகை நிருபரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சுகுமாரன் என்று பெயர், மரியாதையான ஆள். போன சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி வந்து உட்கார்ந்து, தோட்டத்தில் பிறந்த பொண்ணு எப்படிம்மா அங்க போய் மெம்பர் ஆனாங்க, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். லயத்து வீட்டில் பிறந்தது, நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிற வரைக்கும் நீ சிமெண்டுத் தரையில் கரிக்கட்டையால் கணக்குப் போட்டது, பாடாங் செராயில் தமிழ்ப்பள்ளி, பினாங்கில் கணிதப் பட்டம், சுங்கை பட்டாணியில் இரண்டு வருஷம் டீச்சர் வேலை. தொண்டு அமைப்பு மூலமாக இரண்டே வருஷம் என்று சொல்லி கானாவுக்குப் போனவள் இருபத்திரண்டு வருஷமாகத் திரும்பவில்லை என்றேன், அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே சயின்ஸ் வாத்தியாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதைச் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படகில்தான் பள்ளிக்கு வருவார்கள், ஒரு மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து உன் வகுப்புப் பெண் அகோசுவா போய்விட்டாள், அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்பதையும் சொன்னேன். அதற்கப்புறம் பாலம் வேண்டும் என்று மனு எழுதி நீ எத்தனை தடவை மாவட்ட ஆபீசுக்குப் போனாய், ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம் என்று அனுப்பினார்கள். கடைசியில் ஊர்ப் பெண்கள் உன் வீட்டு வாசலுக்கு வந்து, டீச்சர் நீங்களே தேர்தலில் நில்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீ நின்றாய், இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாய். மறுபடி பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தினாய். நாலு வருஷம் கழித்து மறுபடி நின்று ஜெயித்தாய். பதவி ஏற்ற அன்று அவர்கள் ஊர்த் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றாயே, வீடியோவில் ஒரு நிமிஷம் எனக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை குணா.

இதெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதைத்தான் நிருபர் கேட்டார். "அவங்களுக்கு நம்ம சிட்டிசன் இன்னும் இருக்காம்மா?" இன்னொரு நாட்டுப் பிரஜை அங்கே தேர்தலில் நிற்க முடியாது என்பதும், அதற்காக நீ நம் தூதரகத்தில் இந்தக் குடியுரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்ததும் இங்கே வெளியில் யாருக்கும் தெரியாது. டீ போடுகிறேன் என்று எழுந்தேன். உன் அப்பா உள்ளே படுத்திருந்தார். நாற்பத்தொரு வயது வரைக்கும் சிவப்பு ஐசி வைத்திருந்த மனுஷன், பிறப்புப் பத்திரம் இல்லை என்று இந்த மண்ணில் பிறந்தவரையே வெளியாள் என்று வைத்திருந்தார்கள், குடியுரிமை கேட்டு அலோர் ஸ்டார் ஆபீசுக்கு அவர் நடந்தது உனக்குத் தெரியும், கடைசித் தடவை ஃபாரத்தை மலாயில் நிரப்பிக் கொடுத்தவளே நீதானே, அப்போது உனக்குப் பதினாறு வயது. நீ விட்டுக்கொடுத்த செய்தி வந்த நாளிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை, உன் போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார், ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் படுகிற பாட்டை யாரிடம் சொல்வேன்.

உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சண்டை போடப் போகிறார் என்று பயந்துவிட்டேன். நிருபரைப் பார்த்து, "தம்பி, அவ எம்மவ. இந்த ஊருல பொறந்தவ. ஐசி கார்டு என்னா கலருன்னு எங்கிட்ட கேட்டுக் கேட்டே பாதி ஆயுசு போச்சு, அவளப் பத்தியும் கேக்காதீங்க. அவ என்னா வேல செஞ்சான்னு மட்டும் எழுதுங்க" என்றார். சுகுமாரன் எழுந்து நின்று, சரிங்கய்யா என்று பேனாவை மூடிவிட்டார்.

அவர் போனதும் அப்பா என்னிடம், "போன்ல எதுக்கு அழுதா?" என்றார். நான் பின்வாசலில் கேட்ட மூன்று தடவையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். மறைக்க முடியுமா, எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றில் இரண்டு தூணோடு குத்தகைக்காரன் பால வேலையை நிறுத்திவிட்டுப் போனது, ஜனங்கள் வாசலில் வந்து உன்னைப் பார்த்துக் கத்துவது, ரேடியோவில் ஒருவன் வெளியூர்க்காரி ஊருக்குத் திரும்பிப் போகட்டும் என்று பேசியது. திரும்பி வந்தாலும் நீ இங்கேயும் இனி விசிட்டர்தான் என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அப்புறம், "ரெண்டு தூண நட்டு வச்சிட்டு வந்தா அந்த செத்த புள்ளையோட அம்மாவுக்கு என்னா பதில் சொல்லுவா? முடிச்சிட்டு வரச் சொல்லு" என்றார். எனக்கு வந்ததே கோபம். அஞ்சு வருஷமா சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல, இப்ப புத்தி சொல்ல வந்துட்டீங்களா என்று சத்தம் போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அந்த ஃபாரத்த எழுதிக் குடுத்தவ அவதான். அதோட மதிப்பு தெரிஞ்ச கையாலதானே கையெழுத்து போட்டிருப்பா. அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு நான் நெனச்சே பாக்கல" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன் குணா, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஓடியது. அப்பா முடித்துவிட்டு வா என்கிறார், எனக்கோ நீ நாளைக்கே வந்தாலும் சரி என்றிருக்கிறது. எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது, அவரைத் தூக்கி உட்காரவைத்தால் இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் அகோசுவாவின் அம்மாவை நினைத்தால் வா என்று எழுதக் கை ஓடவில்லை. முடிவு உன்னுடையது, எதைச் செய்தாலும் இந்த வீட்டில் உன்னை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ரேடியோக்காரனுக்குப் பதில் சொல்லாதே, வயிறு காயக் காயக் கூட்டத்தில் உட்காராதே, கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், உன் ஊர் ஜனங்கள் தண்ணீருக்குப் பயப்படாமல் அக்கரை போக வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி இதைத்தான் கேட்கிறேன்.

மறக்காதே, அப்பாவுக்கு டயாலிசிஸை மதிய ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி ஒரு மணிக்குக் குளிம் சென்டரில் படுக்கவைத்தால் ஐந்து மணி வரைக்கும். உனக்கு அது விடியற்காலை. திவாகரன் போனுக்குக் கூப்பிடு. நேற்று அவரே என்னிடம், "அந்த நேரத்துல கூப்பிடச் சொல்லு, ஊசி குத்தியிருக்கும், என்னால எந்திரிச்சிப் போக முடியாது" என்றார்.

உன் அம்மா,
த. செல்லாயி