இரண்டு யூரோவில் வில்னியஸ்

மார்ச் 3

எங்கள் ஊர் வில்னியஸின் கலாச்சாரத்தைக் கொண்டாட ஒரு இரண்டு யூரோ நாணயமாம். கலாச்சாரமாம் கலாச்சாரம். பழைய நகரத்தில் பாதிக் கடை பீட்சா, மீதி பொம்மைக் கடை. என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். யாரிடம் விடப்போகிறேன்? இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

மார்ச் 9

ஸ்கைஸ்தே போனில் பேசினாள். சிற்பம் படித்த என் மகள், ஆறு வருஷமாக நார்வேயில் மீன் டப்பாவுக்கு லேபிள் வரைகிறாள். "ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன்பா. ஒண்ணு மட்டும் அமையணும்" என்றாள். என்னவென்று கேட்டதற்கு மழுப்பினாள். காதல் விவகாரமாக இருக்கும்.

மாடியறை ஜன்னல்களைத் துடைத்தேன்.

ஏப்ரல் 12

இருபத்திரண்டு மாதிரிகள் வந்திருக்கின்றன. பெயர் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனைபெயரும் ஒட்டிய உறையும் மட்டும். வென்றவரின் உறையைத்தான் பிரிப்பார்கள். மற்றவை நடுவர் குறிப்போடு பிரிக்காமலே திரும்பும். பன்னிரண்டு பேர் அதே கோட்டைக் கோபுரம். ஒருவன் ஊர் பிறந்த கதையில் வரும் இரும்பு ஓநாய்க்கு வீட்டு நாயின் முகம் வைத்திருக்கிறான். நடுவர் குழுத் தலைவியம்மாவுக்கு அதுவும் "ரொம்ப ஐரோப்பியமா" இருந்தது.

ஏப்ரல் 13

மிஞ்சியது இரண்டு. ஒன்று மணிக்கோபுர வரிசை; அளவுகோல் வைத்துப் போட்டது, உயிரே இல்லை. மற்றது 'ஈரக் கூரை': மழை கொட்டும் முற்றத்தில் ஒரு பெண் செல்லோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது ஜிக்மாஸ் வேலை. வானத்தை அப்படிச் சாய்வாகக் கீறுகிறவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். எனக்கு வரவேண்டிய சிலை வேலையைத் தட்டிப் பறித்துவிட்டு, திறப்பு விழாவுக்கு எனக்கே அழைப்பு அனுப்பிய மகாராஜன்.

மூன்றுக்கு மூன்று. கடைசி வாக்கு என்னுடையது. "இது சாக்லேட் டப்பா மூடி. இந்தக் கைக்கு ஊரைத் தெரியாது, ஊருக்காக ஏங்க மட்டும்தான் தெரியும்" என்றேன். அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 14

ஜிக்மாஸின் மூஞ்சியை நினைத்துக்கொண்டே பீட்ரூட் சூப் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஏப்ரல் 29

சந்தையில் ஜிக்மாஸ். வலது கையில் கட்டு. ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்தானாம், அதிலிருந்து உளியைத் தொடவில்லையாம். நாணயப் போட்டியைப் பற்றி மெல்ல வாயைக் கிளறினேன்.

"நான் எங்க அனுப்புனேன்? உன் பொண்ணுதான் அனுப்புறேன்னா. வானத்தை எப்படிக் கீறுறதுன்னு எங்கிட்டதான் கேட்டா. ஜெயிச்சா ஊருக்கே வந்து பட்டறை போடுவாளாம். உங்கிட்ட ஜெயிச்சப்புறம் சொல்லணும்னு இருந்தா."

உருளைக்கிழங்கு வாங்கப் போனவன் வெறும் பையோடு திரும்பினேன்.

ஏப்ரல் 30

என்ன எழவு இது. எவன் மேலயோ இருந்த கடுப்பு, போய் யார் தலையில விழுந்திருக்கு பாரு. என் பொண்ணு கை எனக்குத் தெரியல — நானெல்லாம் ஒரு நடுவர்! தலைவியிடம் ஓடினேன். நடுவரின் மகள் என்றால் போட்டியிலிருந்தே நீக்கவேண்டியிருக்கும் என்றார். ஆக எப்படிப் பார்த்தாலும் அவளைத் தோற்கடித்தது நான்தான்.

மே 6

ஸ்கைஸ்தே கூப்பிட்டாள். போட்டி, தோல்வி, எல்லாம் சொன்னாள். அந்தக் குறிப்பை எனக்கே படித்துக் காட்டினாள். "யாரோ, சரியாத்தான் சொல்லியிருக்கார்பா. இங்கயே நாலு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

நீ போட்டது ரொம்ப நன்றாக இருந்திருக்கும் என்றேன்.

"பாக்காமலே சொல்றீங்களே" என்று சிரித்தாள்.

"பாத்தேம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 18

ஜிக்மாஸ் வீடு வரை நடந்து போனேன். அவனிடம் ஸ்கைஸ்தே ஞாயிறுதோறும் பேசுகிறாளாம். நன்றாகச் சாப்பிடுகிறாளாம், அங்கேயே பக்கத்தில் ஒரு பட்டறையில் இடம் பிடித்திருக்கிறாளாம். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.