மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய ஸ்பேர்

மின்னி பே,
போர்ட் பிளேர்.
நவம்பர் 6, வியாழன்.

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்தச் சின்ன ஆளும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்குக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வேளையும் போனில் பேசுகிற மகளுக்கு இந்த மனுஷன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நீ அனுப்பிய மைக்ரோவேவ் ஓவனுக்கு ஒரு கோளாறும் கிடையாது. அது ரிப்பேர், ஸ்பேர் வரவேண்டும் என்று மூன்று வாரமாக நான் உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தது பொய். கம்பெனிக்கு நீ கொடுத்திருக்கும் புகாரை வாபஸ் வாங்கிவிடு. அங்கே போனை எடுத்த பெண்ணிடம் நீ கத்தினாய் என்று மாப்பிள்ளை சொன்னார். முடிந்தால் அவளிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிடு, பாவம், திட்டு வாங்க வேண்டியவன் நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் படி, உனக்கு பிபி ஏறக்கூடாது. தலைப்பிரசவத்துக்கு நீதான் இங்கே வந்திருக்க வேண்டும், அதுதான் முறை. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகு முறையாவது ஒன்றாவது, அம்மா அங்கே வந்துவிடுவது என்று ஆயிற்று. மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை, அவருக்கும் ஷிப்ட் வேலை, நீ அந்த மூன்றாவது மாடி வீட்டில் பாதி நாள் தனியாகக் கிடக்கிறாய். எல்லாம் எனக்குத் தெரியும். அக்டோபர் பாதியில் ஜெயலட்சுமி கிளம்பட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் பெரிதாகச் சொன்னவனும் நான்தான். உன் அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை கேஸ் அடுப்பு. போன வருஷம் பால் காய்ச்சுகிறேன் என்று கேஸைத் திறந்துவிட்டு, லைட்டர் தேடப் போன இடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேனே, அன்றையிலிருந்து அடுப்பங்கரைக்கும் எனக்கும் அவள் எல்லை போட்டுவிட்டாள். அதற்குத்தானே நீ ஓவனை அனுப்பினாய், அம்மா சமைத்து டப்பா டப்பாவாக ஃபிரீசரில் வைத்துவிட்டு வரட்டும், அப்பா சூடு பண்ணிச் சாப்பிடட்டும் என்று. நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது.

பெட்டி கப்பலில் வந்து இறங்கியதும் ஆசையாகத்தான் பிரித்தேன். நம் ஊர் கரண்ட் உனக்குத் தெரியாததில்லை, நினைத்தால் ஏறும் நினைத்தால் இறங்கும். மகள் அனுப்பிய சாமான் முதல் நாளே புகைந்துவிடக் கூடாதே என்று, பழைய ஃபிரிட்ஜுக்கு வாங்கின ஸ்டெபிலைசர் பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, அதில் ஓவனைச் சொருகினேன். முந்தின நாள் சாம்பாரை வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினேன். உள்ளே விளக்கு எரிந்தது, கண்ணாடித் தட்டு சுற்றியது, முடிந்ததும் மூன்று தடவை கூவியது. எடுத்து விரலை விட்டுப் பார்த்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே சில்லென்று இருந்தது. பவரைக் குறைத்து வைத்துவிட்டோமோ என்று புத்தகத்தைப் பார்த்து ஏற்றி வைத்தேன், அப்போதும் அப்படித்தான். கதவு சரியாக மூடாவிட்டால் சூடு வராது என்று போட்டிருந்தது, கொக்கியையெல்லாம் துடைத்து நாலு தடவை அடித்துச் சாத்தினேன், அதற்கும் அசையவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து மூன்று நிமிடம் ஓடவிட்டேன், அதில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு. கடைசியில் பின்பக்கத்து ஸ்க்ரூவில் கை வைத்தேன். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கி நிற்கும், திறக்காதே என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நான் படித்து முடிப்பதற்குள் உன் அம்மா ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அதை நான் இன்று வரை தேடுவது போல நடித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சொன்னதில் என் மேல் தப்பு இல்லை.

நாலாம் நாள் ஃபிரிட்ஜ் மெக்கானிக் பிமலைக் கூட்டி வந்தேன், பழைய பஜார் பக்கம் கடை வைத்திருக்கிற பெங்காலிப் பையன். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் ஓவனைத் தொடக்கூட இல்லை. ஸ்டெபிலைசரில் இருக்கிற முள்ளைக் காட்டினான், ஓவன் ஓட ஆரம்பித்ததும் முள் சரிந்து கீழே படுத்துவிட்டது. அங்கிள், மெஷின் பில்குல் டீக் ஹை, தம் நஹி மில் ரஹா என்றான். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு வேண்டிய தம்மை இந்தச் சின்ன ஸ்டெபிலைசரால் கொடுக்க முடியவில்லை. அதைப் பிடுங்கி கிரைண்டர் சொருகுகிற பெரிய பிளக்கில் போட்டான். ஒரே நிமிடத்தில் டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முப்பத்தொன்பது வருஷம் கப்பல் இஞ்சினைப் பிரித்துப் போட்ட ஃபிட்டர் நான், கரண்ட் வேலை எனக்கு எட்டாது என்பதை அந்தப் பையன் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் ஸ்டெபிலைசரிலேயே சொருகி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், கை தானாகச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா வந்து பிமல் என்ன சொன்னான் என்று கேட்டாள். உள்ளே ஒரு பார்ட் போய்விட்டது, ஸ்பேர் மெயின்லேண்டிலிருந்து வரணும் என்றேன்.

இந்தத் தீவில் அந்த ஒரு வார்த்தைக்கு எதிர்ப்பேச்சே கிடையாது. ஸ்கூட்டராகட்டும் ஆஸ்பத்திரி மெஷினாகட்டும், ஸ்பேர் மெயின்லேண்டிலிருந்து வரணும் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அதை நான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. உனக்கு இது முழுதாகத் தெரியாது. நீ பிறந்த சமயத்தில் நான் கார் நிக்கோபாரில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். நான் போயிருந்த கப்பலில் பம்பு உடைந்துவிட்டது, அதற்கு ஸ்பேர் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். ஊரிலிருந்து உன் பாட்டி வருவதற்கும் அந்த மாதம் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பெற்ற தாயும் பக்கத்தில் இல்லை, கட்டினவனும் இல்லை, பக்கத்து வீட்டு வசந்தகுமாரிதான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உன் முகத்தை நான் பார்த்தது பத்தொன்பதாம் நாள். அன்றைக்கும் நான் சொன்ன காரணம் ஸ்பேர் வரலை என்பதுதான், அன்றைக்கு அது சத்தியம். உன் அம்மா ஒரு சொல் கேட்கவில்லை. எம்மகளுக்கு நான் இல்லாம பிரசவம் நடக்கக்கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நிற்பது எங்கிருந்து வருகிறது என்று இப்போது உனக்குப் புரியும். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தும்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எனக்குப் பயமாக இருந்தது கார்த்திகா. இதை மழுப்பிச் சொல்லத் தெரியவில்லை. நான் கப்பலோடு போன வருஷங்களிலெல்லாம் மாதத்தில் பத்து நாள் அவள் இந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். நான் இந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை என்பது ஓவன் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை, பஜாரில் பத்து மெஸ் இருக்கிறது. காலையில் எழுந்து யாரிடம் கரண்ட் இருக்கா என்று கேட்பது, தண்ணீர் வருகிற நாள் எது என்று யார் சொல்வார்கள், இப்படி ஒன்றுக்கும் உதவாத யோசனையாக ஓடியது. ஒரு வாரம் தள்ளிப்போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அது மூன்று வாரமாக இழுத்துவிட்டது. அம்மா நடுநடுவே அந்த ஸ்பேர் எந்தக் கப்பல்ல வருது என்று கேட்பாள். நானும் ஏதாவது ஒரு கப்பல் பெயரைச் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை பாத்ரூமில் உனக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாயே, அப்பாகிட்ட சொல்லாதம்மா என்று அவளிடம் சொன்னாயே, அது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டுவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உளுந்து களையப் போய்விட்டாள்.  மறுநாள் காலையில் கிளம்பி ஃபீனிக்ஸ் பே ஜெட்டி வரைக்கும் நடந்தேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், இனி பொறுக்காது என்று எழுந்து நேரே திருநாவுக்கரசுவின் டிக்கெட் கடைக்குப் போய் அம்மாவுக்குச் சனிக்கிழமை சென்னை விமானத்துக்குப் போட்டுவிட்டேன். போட்ட கையோடு உனக்குப் போன் பண்ணினேன், ஸ்பேர் வந்துருச்சாப்பா என்று கேட்டாய், வந்துருச்சு என்றேன், கடைசிப் பொய் அதுதான். வழி நெடுக அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுப்பங்கரையில் உன் அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஓவன் வயர் கிரைண்டர் பிளக்கில் இருக்கிறது. உள்ளே ரசம் பொங்குகிறது. தலையை நிமிர்த்தாமலே, ஸ்பேர் வந்துருச்சுங்க என்றாள்.

 எப்போது தெரியும் என்று கேட்டேன். பிமல் வந்துட்டுப் போன மறுநாளே பாத்துட்டேன், நாப்பது வருஷமா கிரைண்டர் ஓட்டுறவளுக்கு எந்தப் பிளக்குல தம் இருக்குன்னு தெரியாதாக்கும், நீங்க வாக்கிங் போற நேரமெல்லாம் இதுலதான் சூடு பண்றேன் என்றாள். பிறகு ஏண்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறாளே என்று நானே அவளிடம் கோபப்பட்டேன், என் துணிச்சலைப் பார். அதற்குத்தான் அவள் கீரையைக் கீழே வைத்தாள். விட்டுட்டுப் போறதுன்னா எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது, நீங்க அனுப்பி வச்சு நான் போகணும்னு இருந்தேன், அதுக்காக எம்மக விழுந்து கெடக்குறவரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கமாட்டேன், சனிக்கிழமை வரைக்கும்தான் உங்களுக்கு டைம் குடுத்திருந்தேன் என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக் காட்டினாள். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணி, சுக்கு, லேகியச் சாமான் எல்லாம் அடுக்கி ரெடியாக இருந்தது. கார்த்திகா பொறந்தப்ப சொன்னது நெசம், அதனால இதையும் நம்புவேன்னு நெனச்சீங்களா என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தாள், ஜன்னல் சீட்டா என்று கேட்டாள்.

நேற்றும் இன்றும் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. ஃபிரீசரில் முப்பத்திரண்டு டப்பா, ஒவ்வொன்றின் மேலும் பேப்பர் ஒட்டி எழுதியிருக்கிறாள். திங்கள், வத்தக்குழம்பு, மூடியை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம். செவ்வாய், கோழி, மூன்று நிமிடம், பாதியில் ஒருமுறை கிளறவும். எவர்சில்வரை உள்ளே வைத்தால் வந்து உதைப்பேன் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறாள். ஸ்டெபிலைசரைப் பிமலே எடுத்துக்கொண்டு போய்விட்டான். வசந்தகுமாரி காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அது எனக்குக் காவலா ஓவனுக்குக் காவலா தெரியவில்லை. உனக்குச் சொல்வது இதுதான், காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, ஊறுகாயைத் தொடாதே, இடது பக்கமாகச் சாய்ந்து படு. மாப்பிள்ளை லீவு கிடைக்காவிட்டால் ஏர்போர்ட்டுக்கு வந்து அலைய வேண்டாம், உன் அம்மா பஸ் பிடித்து வந்துவிடுவாள், அவள் என்னைப் போல் இல்லை. வந்த அன்றைக்கே அவளைச் சமைக்க விடாதே. சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாளா என்று கேள், போட்டுட்டேன் என்பாள், நம்பாதே, அட்டையை வாங்கிப் பார்.

இதைத் தபாலில் போடவில்லை. அவள் கைப்பையில் சைடு ஜிப்பில் வைத்து அனுப்புகிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் அம்மா உன் பக்கத்தில் இருப்பாள். வேண்டுமென்றேதான் கவரை ஒட்டவில்லை. ஜன்னல் சீட்டில் கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பாள், அப்புறம் சும்மா இருக்கமாட்டாள், எடுத்துப் பிரித்துவிடுவாள். தப்பு என்மேல்தான் ஜெயா என்று நேரில் நின்று சொல்ல இந்த வாய்க்கு வரவில்லை, மகளுக்கு எழுதுகிற சாக்கில் எழுதிவிட்டேன். படித்தாளா என்று அவளிடம் கேட்காதே. முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

நீயும் பிள்ளையும் தாய் வேறு சேய் வேறாக நல்லபடியாகப் பிரிந்து எழுந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். மாப்பிள்ளை சிவபிரகாஷுக்கும் ஆசி சொல். வலி என்று ஒன்று வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ண மறக்காதே, இந்தத் தடவை பத்தொன்பது நாள் ஆகாது.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜமாணிக்கம்