எதிராளியின் கதிரை

மகள்,

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும்.

நேற்று அக்கரைப்பற்றில் சமாதானப் பயிற்சி நடத்தினேன். பிணக்குப்பட்டவர் எதிராளியின் கதிரையில் அமர்ந்து, எதிராளியாகவே பேசவேண்டும். ஆலையடிவேம்புத் தமிழ்ப் பொடியனைக் கலியாணம் முடித்த மகளையும் அவளோடு கதைக்காத வாப்பாவையும் பயிற்சிக்கு வந்த பாலமுனை றினோஸா நடிக்க எடுத்தாள். நம் விஷயம் அவளுக்குத் தெரியாது.

"சேர், நீங்க மகளா இரிங்க. நான்தான் வாப்பா."

உன் கதிரையில் அமர்ந்து, "சொல்லாமப் போனது பிழைதான் வாப்பா" என்றேன். நீ ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

"சரி, நடந்தத உடுங்க மகள். புள்ளையத் தூக்கிட்டு நம்மட ஊட்டுக்கு வாங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

உன் உம்மா மௌத்தாகி அடக்கிய அன்று நீ நம் வீட்டுக் கேற்றடியில் நின்றபோதும் அந்த 'வாங்க' என் வாயில் வரவில்லை.

நீ செய்ததை இன்னும் நான் பொறுக்கவில்லை. றினோஸா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அடியில் வாப்பா என்று போட்டால் நான் சொன்னதாகிவிடும். கையொப்பமில்லாமலே தபாலில் போடுகிறேன்.