இன்சூரன்சுக்கு மட்டும் எங்கள் ஆள்

மச்சான்,

இன்று காலை உன் காரைக் கழுவப் போனவன், முன்பக்கப் பெட்டியைத் திறந்துவிட்டேன். உன் தலைவலித் தைல வாடை கிளம்பிய வேகத்தில் ஈப்போவில் மூக்கடைப்புள்ள அத்தனை பேருக்கும் குணமாகியிருக்கும். புட்டிக்கு அடியில் உன் மருத்துவ அட்டை கிடந்தது. மேலே கம்பெனி பெயர், கீழே உன் பெயர். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளை நீ அதை வைத்துத்தான் சுரண்டுவாய்.

ஜெலாப்பாங்கில் அவர்கள் லோரியை, அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்கு ஓட்டினாய். தாளில் மட்டும் நீ ஊழியன் இல்லை, ஒப்பந்தக்காரன், ‘கொன்ட்ராக்’. ஆனாலும் மருத்துவக் காப்புறுதிக்கென்று உன் காசில் மாதாமாதம் பிடித்தார்கள். அப்படிக் கட்டியதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதும், கப்பம் வசூலிக்கப் போகும் இரண்டு சக்கரவர்த்திகளைப் போல நாம் வரி அலுவலகத்துக்குப் புறப்பட்டோமே, நினைவிருக்கிறதா?

முகப்பில் இருந்த பெண் நல்ல பிள்ளை. பொறுமையாகத்தான் சொன்னாள்.

“அங்கிள், ரசீது கம்பெனி பேர்ல இருக்குலா. உங்க காசுல கட்டினதுன்னு அவங்ககிட்ட ஒரு சூராட் வாங்கிட்டு வாங்க, போதும்.”

ஒரே ஒரு கடிதம். அதற்காக நாம் நடந்த நடையில் கிந்தா ஆறே வழிமாறியிருக்கும். கம்பெனி மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“சூராட்டெல்லாம் எங்க ஆளுங்களுக்குத்தான். நீங்க கொன்ட்ராக் லா.”

“அப்ப இந்தப் பாஜு யாரோடது?” என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். பொத்தான் தெறித்து அவர் மேசையில் விழுந்தது.

“அட்டையில என் பேரு இருக்கே, சார்” என்றாய் நீ.

“அது இன்சூரன்சுக்கு மட்டும் எங்க ஆளு.”

திரும்பி வரும்போது என் வாயிலிருந்து வந்த சொற்களுக்குப் பாதையோரப் புல் கருகியது. நீயோ சிரித்தாய். “விடு மச்சான். காலையில கேட்டுல நின்னு மேனேஜர் பேரு கூப்பிடறான். நான் ‘வந்தாச்சு’ங்கறேன். அப்ப நான் அவன் ஆளுதானே?”

தோட்டத்துப் புத்தி, மச்சான். நாம் பிறந்த தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டால் அவன் தோட்டத்து ஆள். அவனுக்கு வீடு உண்டு, மருந்து உண்டு, செத்தால் குழி உண்டு. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் நீ அதையே நம்பினாய். ரசீது யார் பெயரில் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நீ போன அன்று உன் கம்பெனியிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம் வந்தது. பலகையில் பெரிய எழுத்து: ‘எங்கள் நீண்டநாள் ஊழியருக்குக் கண்ணீர் அஞ்சலி.’ கீழே மேனேஜர் பெயர். எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. பூக்கள் உதிர்ந்தன. பலகையை என் தங்கச்சி உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது உன் கடைசி வரிக் கணக்கை அவள்தான் காட்ட வேண்டும். போன வாரம் இருவரும் போனோம். அதே முகப்பு, அதே பெண், அதே சூராட். இன்னும் ஒருமுறை அலையவிட்டால் எனக்குத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுவிடுவார்கள்.

“வேணாம்ணே. அந்தக் கழிவு இல்லாமலே காட்டிடலாம்” என்றாள் தங்கச்சி. வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்துத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

“உசுரோட இருந்தப்ப ஒரு வரி எழுதித் தரலையே, அண்ணே.”

அதனால் முடிவு செய்துவிட்டேன். பலகை இப்போது உன் கார்ப் பின்சீட்டில் கிடக்கிறது. உள்ளே முழுசாக நுழையவில்லை. அதன் மரக்கால் ஒன்று சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை ஜெலாப்பாங் கேட்டில், லோரிக்காரர்கள் வரிசையில் கடைசி ஆளாக நிற்பேன். மேனேஜர் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடிக்கட்டும். உன் பெயரை நானே கூப்பிடுவேன். பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தெலுக் இந்தான் வரைக்கும் கேட்கிற மாதிரி நானே பதிலும் சொல்வேன்:

“வந்தாச்சு!”