முதலில் வெளியே வந்தவன்

ஜூன் 20
மகளோடு போட்டி போட்டுத் தண்டால் எடுத்தேன். நாலாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சினாட்சுதான் என்னை அரிசி மூட்டை மாதிரி புரட்டிப் போட்டாள். "அப்பா, ராணுவத்துக்குப் போறது நானா, நீயா?" எனக்கு மருந்துப்பட்டை ஒட்டிவிட்ட மனைவி சச்சி சிரித்தாள். அப்புறம் அடுக்களைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

பெண்ணுக்குப் பதினெட்டு. ராணுவத்தில் சேரும் மனுவை இன்னும் அனுப்பவில்லை. என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது.

ஜூன் 21
இடுப்பு.

ஜூன் 23
1945 போரில் செத்தவர்களின் நாள். ஒகினாவாத் தீவு முழுக்க விடுமுறை. பெயர் பொறித்த கல்லில் பெரியப்பாவுக்குப் பூ வைத்துவிட்டு, சினாட்சுவை அந்தப் போர்க்காலச் சுரங்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அவள் வயதுப் பள்ளிப் பெண்கள் அங்கே காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டவர்கள்; பலர் வீடு திரும்பவில்லை. பார்த்தால் மனம் மாறாதா? இதுதான் என் மகா யோசனை.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே. சுவரெல்லாம் கடப்பாரைத் தழும்பு, ஈரம். நடுவில் வழிகாட்டி அம்மா, "டார்ச்சை அணைச்சிடுங்க" என்றார்.

இருட்டு. கண் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மகள் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, அது என் கை," என்றார் யாரோ. "பரவால்ல, விட்டுடாதீங்க. எனக்கும் உதறுது."

ஒரு கிழவி விசும்பத் தொடங்கினாள். விளக்கு வந்ததும்... யாரையோ இடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். வெயிலில் நின்று எண்ணிப் பார்த்தால் எல்லாரும் வந்தாயிற்று, சினாட்சுவைக் காணோம். கிழவி உள்ளேயே உட்கார்ந்துவிட்டாளாம். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, அவளை முதுகில் சுமந்து கடைசி ஆளாக வந்தாள் என் பெண்.

"தங்கமான பொண்ணு," என்றார் வழிகாட்டி அம்மா. "அந்தப் பொண்ணுங்களும் இப்படித்தான். படுத்துக் கிடக்கிறவங்களை விட்டுட்டு வரமாட்டாங்க."

அந்த வெயிலிலும் எனக்குச் சில்லிட்டது.

திரும்பும்போது காரில், "மருத்துவப் பிரிவு கேக்கப் போறேம்ப்பா. இன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். கூட்டிட்டு வந்ததுக்கு தேங்க்ஸ்."

சச்சி பாகற்காய் வதக்கியிருந்தாள். யோசனைக்காரனாம் நான்!

செப்டம்பர் 30
தேர்வு எழுதிவிட்டாள்.

மார்ச் 27
விமான நிலையம். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். சச்சி அவள் காலரைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள்.

"என்னப்பா, ஏதாவது சொல்லேன்."

"சாக்ஸ் ஈரமா போட்டுக்காதே," என்றேன்.

"அவ்வளவுதானா!" சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

தொண்டை வரை வந்தது வேறு. ஆபத்தென்று ஒன்று வந்தால் யாரையும் பார்க்காதே. உன் அப்பன் மாதிரி முதல் ஆளாக ஓடி வந்துவிடு.