ஒட்டிப் பிறந்த புளிப்பு

மார்ச் 3

என் செல்ல ஆராய்ச்சிக்காரிக்கு,

சுகம்தானே? எனக்கும் உன் அண்ணனுக்கும் விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு, நம்மில் யார் முதலில் எழுதுவது என்று யோசித்தே நாள் ஓடிவிட்டது. கடைசியில் என்னை எழுதவைத்தது உன் அண்ணன் அல்ல, தக்காளி.

போன வருஷம் இலைச்சுருள் நோயில் என் பசுமைக்கூடாரம் மொத்தமும் போனது. ஓரத்தில் நின்ற காட்டுத் தக்காளி மட்டும் அசையவில்லை. அதன் மகரந்தத்தை என் ரகத்தின் பூவில் வைத்துக் கலந்தேன். அந்தக் கலப்புச் செடியின் விதையில் பிறந்ததில் நோயைத் தாங்குகிற செடி ஒவ்வொன்றும் வாயில் வைக்க முடியாத புளிப்பு. இனிக்கிற செடி எல்லாம் படுத்துவிடுகிறது. ஒன்றாவது மாறிப் பிறக்கக் கூடாதா? பக்கத்துக் கூடாரக்காரர், “பேசாம வேற தொழில் பாருங்கம்மா” என்கிறார்.

இரண்டு வகை இலையும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வாயா?

உன் அண்ணி

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கிழிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “இன்னும் அவகிட்ட உனக்கு என்ன பேச்சு?” என்றான். “தக்காளிப் பேச்சு” என்றேன்.

செடி மகரந்தம் உண்டாக்கும்போது, தாய்வழி வந்த மரபு இழையும் தந்தைவழி வந்ததும் அருகருகே படுத்து, சில இடங்களில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய இலைகளை எங்கள் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தேன். உங்கள் செடியில் நோய் தாங்கும் மரபணுவும் புளிப்பு மரபணுவும் அடுத்தடுத்த வீடு. நடுவே தாவும் மரபணுக்கள் குடியேறியிருக்கின்றன. தங்களைத் தாங்களே படியெடுத்து, கண்ட இடத்தில் நுழைகிறவை. காட்டு இழையில் கும்பலாக இருக்கின்றன, உங்கள் ரகத்தில் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் அங்கே இரண்டு இழையும் பொருந்தவில்லை. போதாததற்கு, அவை மறுபடி தாவாதிருக்கச் செடியே அந்தப் பகுதியை இறுகச் சுருட்டிப் பூட்டிவிட்டது. பூட்டிய வீட்டில் கொடுக்கல் வாங்கல் ஏது? அதனால்தான் நோய் தாங்குவதும் புளிப்பும் பிரியாமல் ஒட்டியே பிறக்கின்றன.

எங்கள் விதைச் சேமிப்பைக் குடைந்து பார்த்தேன். நோயைத் தாங்கும் இன்னொரு காட்டுச் செடியில் அந்தக் கும்பல் குடியேறவே இல்லை. விதை அனுப்புகிறேன். என்ன ஆகிறது என்று பார்க்க எனக்கே கை பரபரக்கிறது.

உங்கள் நாத்தனார்

டிசம்பர் 8

ஆராய்ச்சிக்காரிக்கு,

நீ அனுப்பியதோடு என் ரகத்தைக் கலந்த செடி காய்த்துவிட்டது. அதன் விதையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். முளைப்பதற்குள் ஒரு சந்தேகம். இந்தத் தாவுகிறவர்களால் தொல்லை மட்டும்தானா? பிரயோஜனமே இல்லாத விருந்தாளியைச் செடி இத்தனை காலம் ஏன் வைத்திருக்கிறது? உன் அண்ணனின் நண்பர்களை நான் வைத்துக்கொண்டிருந்த மாதிரியா?

அண்ணி

ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

சிரித்தேன். பிறகு உங்கள் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தொல்லை மட்டும் இல்லை. சில சமயம் பக்கத்து மரபணுவை எழுப்பிவிடும். வேறு வேறு இடத்தில் இருக்கிற இரண்டு பிரதிகள் ஒரே ஜாடையாக இருப்பதால், இழைகள் ஏமாந்து தவறான இடத்தில் சேர்ந்து மாற்றிக்கொள்வதும் உண்டு. அப்போது ஒரு துண்டு தொலையலாம், ஒன்று இரட்டிக்கலாம், புதிதாக ஏதாவது பிறக்கலாம். எப்போது எது என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது.

இன்னொரு செய்தி. வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். “வர்றவளத்தான் இனிமே அண்ணின்னு கூப்பிடணும், புரியுதா?” என்றாள் அம்மா. நீங்களே சொல்லுங்கள், உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?

உங்கள்

மே 30

அடி ஆராய்ச்சிக்காரி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. செடிகளோடு கிடந்தேன். நாற்றுகளை நோய் பிடித்த செடிகளுக்கு நடுவிலேயே நட்டேன். நிறையப் படுத்துவிட்டன. நின்றவற்றில் பழையபடி புளிப்பு. கசந்துபோய்க் கடைசி வரிசையில் ஒரு பழத்தைக் கடித்தேன், இனித்தது. நம்பாமல் அதே செடியில் இன்னொன்று. இலை பச்சைப்பசேலென்று விரிந்து நின்றது. பக்கத்துக் கூடாரக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். தின்றுவிட்டு, “விதை தருவீங்களா?” என்றார்.

வந்த பெண்ணை அண்ணி என்றே கூப்பிடு. கூப்பிடும்போது தயங்காதே, அவளுக்கு வலிக்கும். அண்ணி முறை எனக்கு உன் அண்ணன் மூலம் வந்தது, அவனோடு போகட்டும். கீழே கையெழுத்தில் இருக்கிற முறை நடுவில் யாரும் இல்லாமல் நான் கேட்டு வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை வா, பழம் காத்திருக்காது.

உன் அக்கா