கெப்பு கழற்றின துவக்கு

ஒக். 24, சனி

விடியமுன்னமே மழை. இவர் வேட்டைக்குப் போய்விட்டார். கட்டிக் கொடுத்தது: புட்டு, முட்டைப்பொரியல், பிளாஸ்கில் தேத்தண்ணி, மாற்றுக் காலுறை. துறைமுகத்தில் இவரோடு வேலை செய்கிற ஜில் கீழே நின்று ஹோர்ன் அடித்தான். சனம் படுத்திருக்குமே என்ற யோசனை கிடையாது.

மான் வேட்டை. முதலில் குழல் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போட்டு இடிக்கிற துவக்குக்காரர் மட்டும்தான் போகலாமாம். ரைபிள்காரர் பிறகுதான். ஜில் தன் பழைய துவக்கை இவருக்குக் கொடுத்துவிட்டான். பேப்பர் வேலை எல்லாம் முடிந்தது. ஐம்பது வயதில் இவருக்கு வந்த ஆசை.

தம்பி ஒன்பது மணிக்கு எழும்பினான். எழும்பினான் என்றால் அறையை விட்டு வெளியே வந்தான். அவன் நித்திரை கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். மகளின் அறைதான் இப்போது அவனுக்கு. அவள் ஒட்டாவாவில் படிக்கிறாள். சுவரெல்லாம் அவள் ஒட்டின நட்சத்திரங்கள். கழற்றிவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும் அக்கா."

அவன் வந்து ஒரு மாதம் கடந்துவிட்டது. கடைசிச் சண்டையில் வன்னியிலிருந்து காயக்காரரோடு கப்பலில் வெளியே வந்தவன். மனைவியும் பிள்ளையும் அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இவர் இருட்டினபின் வந்தார். மான் இல்லை. உடுப்பில் நனைந்த நாய் மணம். துவக்கைச் சுடவேயில்லை, மருந்தும் குண்டும் உள்ளேயே. பின் பல்கனியில் இருக்கிற சாமான் அறைக்குள் கொண்டுபோய்ச் சாத்தினார்.

"சுட்டு வெறுமையாக்கிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"சுட்டா கழுவவேணும். கழுவினா நீர் கத்துவீர்."

உண்மைதான். போன கிழமை சுட்டுப் பழகிவிட்டு வந்து குளியல் தொட்டியில் வைத்துக் கொதிதண்ணீரால் கழுவினார். வீடு முழுக்கக் கூழ்முட்டை நாற்றம். நாள்கணக்காகச் சாம்பிராணி போட்டேன். இனி அந்தச் சனியனைத் தொட்டிக்குள் கண்டால் உங்களையும் சேர்த்து வெளியே போடுவேன் என்று சொன்னது நான்தான்.

தம்பி பல்கனியில் சிகரெட்டோடு நின்றான். துவக்கைப் பார்த்தான். "இடியன்" என்றான். வன்னியில் பன்றிக்கு வைத்திருக்கிற துவக்குக்கு அதுதான் பெயர். இன்று அவன் தானாக வாய் திறந்து சொன்னது அது மட்டும்.

ஒக். 25, ஞாயிறு

மழை விட்டது. குளிர். உடுப்புத் தோய்த்தது. மரக்கறி வாங்கினது (கத்தரிக்காய் எல்லாம் சுருங்கல், கடைக்காரனோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை). குழம்பு, பருப்பு.

வேட்டைக் கோர்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இவருக்குப் பரீட்சை வந்தபோது கேள்வி கேட்டுப் பாடமாக்கப் பண்ணினது நான்தான், என் பிரெஞ்சு இவருடையதைவிடப் பரவாயில்லை. வேட்டைக்குப் போகிற ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு என்றால் கெப்பைக் கழற்றினால் போதும். வீடு என்றால் உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது, பூட்டியும் இருக்கவேண்டும். கெப்பு என்பது விரல் நுனியில் நிற்கிற செம்புத் தொப்பி. அதில் சுத்தியல் விழுந்தால்தான் உள்ளே நெருப்புப் போகும். வாசித்துக் காட்டினேன்.

"கெப்பு இல்லாட்டி அது துவக்கே இல்லை, தடி. ஜில் முப்பது வருஷமா அப்பிடித்தான் செய்யிறவன். வியாழக்கிழமை திரும்பப் போறம்தானே."

"அப்ப வீட்டுக்குள்ள கொண்டந்து பூட்டி வையுங்கோ."

"குளிருக்க நிண்டதைச் சூட்டுக்க கொண்டந்தா வேர்க்கும். மருந்து நனைஞ்சிடும். உமக்கு இது விளங்காது."

ஜில்லுக்குப் போன் எடுத்துத் தந்தார். "சே பா க்ராவ், மதாம்" என்றான், ஒன்றும் பாரதூரமில்லையாம். இவர்களுக்கு எதுதான் பாரதூரம்.

பின்னேரம் கோயிலுக்குப் போனோம். தம்பி வரவில்லை. செருப்பு வைக்கிற இடத்தில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "தம்பியார் இப்ப பரவாயில்லையோ? ஆள் கதைக்கிறவரோ?" ஓம் என்றேன். திரும்பி வந்தபோது அவன் குசினியில் கை கழுவிக்கொண்டு நின்றான்.

இவர் குளிக்கப் போன நேரம் கெப்பு டப்பாவை எடுத்து என் வேலைப் பைக்குள் போட்டேன்.

வெங்காயம் வெட்டும்போது கண்ணீர் வந்தது. சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு எனக்கு வருகிற கண்ணீர் அது ஒன்றுதான்.

ஒக். 26, திங்கள்

வேலைக்குப் போகிற புவாண்ட்-கிளேர் பஸ் பிந்தி. மெட்ரோவில் பக்கத்தில் இரண்டு சென்னைப் பெடியள். "மச்சி, ஸ்னோ எப்படா விழும்? ஊருக்கு ஃபோட்டோ அனுப்பணும்டா." நாள் முழுக்கக் குளிர்கால ஜாக்கெட் பெட்டிகள். ஸ்கான், லேபல், அடுக்கு. பக்கத்து வரிசைப் பெண் தன் பிள்ளையைப் பகலில் விடுகிற கார்டரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பையைத் திறந்தால் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கெப்பு டப்பா. யாராவது கண்டால் என்ன சொல்வது. சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

இதில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. எனக்குப் பயம். தம்பி அந்தத் துவக்கால் தன்னை ஏதும் செய்துகொள்வானோ என்று பயம். எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, கூடவும் இல்லை. எல்லாம் மரத்துப்போன பல்லைத் தொடுகிற மாதிரி.

சிகரெட்டுக்கு எத்தனை தரம் அந்தப் பல்கனிக்குப் போகிறான். அவன் நிற்கிற இடத்திலிருந்து சாமான் அறைக் கதவு கையெட்டும் தூரம். பூட்டு இல்லை, ஒரு கொக்கி.

வேலையால் வந்தபோது பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தான். கொக்கி திறந்திருந்தது.

"ஆர் திறந்தது?"

"வாளி எடுக்கப் போனனான் அக்கா."

குசினி நிலம் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும்.

ஒக். 27, செவ்வாய்

பால் வாங்க மூலையில் இருக்கிற டெப்பனர் கடைக்குப் போகிற வழியில் இவருக்குச் சொன்னேன். வீட்டில் வைத்துச் சொல்லப் பயம், சுவர் மெல்லியது.

நடையை நிறுத்தினார். "விசர்க்கதை கதையாதேயும். அவன் இவ்வளவு தாண்டி இஞ்ச வந்தது சாகவோ?"

"வரேக்க அவளும் பிள்ளையும் பின்னால வருவினம் எண்டு நினைச்சு வந்தவன்."

திரும்ப நடக்கத் தொடங்கினார். கொஞ்சத் தூரம் போனபின், "கெப்பு இல்லாம என்ன செய்யேலும்? டப்பா உம்மட்டத்தானே, எனக்குத் தெரியும்."

"உங்கட பொக்கற்றைப் பாருங்கோ."

ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். சாவி, பேப்பர் துண்டு, நூல். உள்ளங்கையை விரித்தபோது இரண்டு கெப்பு. இந்த மனுசனோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தினவள் நான். தினமும் இந்த ஜாக்கெட் தொங்குவது தம்பியின் அறை வாசலில்.

டெப்பனருக்குள் போனார், லொத்தர் டிக்கட்டோடு வந்தார். பாலுக்குத் திரும்பப் போனார்.

"சரி, வெறுமையாக்குவம். என்னெண்டு? சுட்டு எடுக்கிறதெண்டா, எங்கட பார்க் எக்ஸ்டென்ஷன் பல்கனியில நிண்டோ? முழுப் பொலிசும் வந்திடும்." சுடாமல் எடுக்க ஒரு திருகாணி இருக்கிறதாம். இடிக்கிற தடியின் நுனியில் பூட்டி, குண்டுக்குள் திருகி இழுப்பது. அது ஜில்லிடம். வியாழன் மான் கிடைக்காவிட்டால் அங்கேயே உருவிவிடலாம். "அதுவரைக்கும் அவனிட்ட ஒண்டும் கேக்காதேயும். கேட்டா இல்லாத நினைப்பும் வரும். பேந்து பாப்பம்."

எனக்கும் அந்தப் பயம்தான். கேட்பதே வழி காட்டினதாகிவிடுமோ என்று. அதனால் இருவரும் அவனோடு குளிரைப் பற்றிக் கதைத்தோம்.

இடியப்பம், சொதி. தம்பி மூன்று இடியப்பம் சாப்பிட்டான்.

ஒக். 28, புதன்

தூறல். தலையிடி என்று சொல்லி அரை நாளில் வந்துவிட்டேன். தம்பி குளித்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர்ச் சாடியோடு சாமான் அறைக்குள் போனேன். மருந்து நனைந்தால் சரிவராது என்று இவர்தானே சொன்னவர். நனையட்டும். துவக்கை நிமிர்த்தி வாய்ப்பக்கத்தால் ஊற்றினேன். குண்டுக்கு மேலே தேங்கி நின்று மெல்ல இறங்கும் என்று நினைத்தது. கடகடவென்று இறங்கிவிட்டது. அடியில் கெப்பு மாட்டுகிற சின்ன ஓட்டையால் சொட்டியது. கவிழ்த்தேன். தெளிந்த தண்ணீராகத்தான் வந்தது. பழந்துணியால் துடைத்து, இருந்த மாதிரியே சாத்தினேன்.

நிம்மதி வந்திருக்கவேண்டும். துவக்குக் கனம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கிறது.

இவருக்குச் சொல்லவில்லை. கெப்பு டப்பாவை அவருடைய பைக்குள் திரும்ப வைத்தேன். நாளைக்கு மான் வந்தாலும் வெடிக்காது. ஒரு மான் பிழைத்துவிட்டுப் போகட்டும்.

மகள் போன் எடுத்தாள். "அம்மா, நட்சத்திரம் இருட்டில மினுங்கும் எண்டு மாமாவுக்குச் சொன்னீங்களா?" மாமாவுக்குத் தெரியும் என்றேன். முழு இரவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

வாங்கவேண்டியது: மிளகு, உப்பு, பல்ப்.

ஒக். 29, வியாழன்

இவர் லீவு போட்டுவிட்டு விடிய வெளிக்கிட்டார். பின்னேரம் நான் வந்து உடுப்பு மாற்றமுன்னமே வந்துவிட்டார், துவக்கு இல்லாமல். சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்கு. தம்பி குப்பை போடக் கீழே போயிருந்தான்.

"நல்ல கொம்பு மான். இந்தா, அந்தப் பக்கத்து வீட்டுக் கதவு தூரம். அமத்தினன். டிக் எண்டுது. அவ்வளவுதான். மான் என்னைத் திரும்பிப் பாத்திட்டு ஆறுதலாப் போகுது."

சொல்லிவிட்டேன். "நான்தான். தண்ணி ஊத்தினனான்."

கத்துவார் என்று நின்றேன். அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"தண்ணி ஊத்தினா குண்டு கரையுமோ?"

எனக்கு விளங்கவில்லை.

"ஜில் தடியை விட்டுப் பாத்தவன். அடிமட்டும் போகுது. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் போட மறந்திட்டனாம். விழுந்து விழுந்து சிரிக்கிறான். நாளைக்கு முழுத் துறைமுகமும் சிரிக்கும். ஆனா நான் போட்டனான். சத்தியமாப் போட்டனான்."

இருவரும் பல்கனிக் கதவைத் திரும்பிப் பார்த்தோம். படியில் தம்பியின் செருப்புச் சத்தம். இவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்யாத வேலை. தேயிலை எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்.

துவக்கு இனி ஜில் வீட்டிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தாராம்.

ஒக். 30, வெள்ளி

வெயில், ஆனால் காற்று. வேலையால் வந்து இரண்டு தேத்தண்ணியோடு பல்கனிக்குப் போனேன். தம்பி இவருடைய பழைய ஜாக்கெட்டோடு இருந்தான். மற்றக் கதிரையில் இருந்தேன்.

"நீயோ எடுத்தது?"

"ஓம்."

"எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கோயிலுக்குப் போன நேரம்." ஊரில் இடியனுக்குச் செய்கிற மாதிரி, சாமான் அறையில் கிடந்த சாதாரணத் திருகாணி ஒன்றைத் தடியில் இறுக்கிக் குண்டை இழுத்தானாம். "மருந்தைப் பூச்சட்டிக்குள்ள கொட்டித் தண்ணி விட்டனான். குண்டு குப்பையில. அத்தானுக்கு மான் கிடைச்சிருக்கும். பாவம்."

"சொல்லியிருக்கலாமே தம்பி."

"என்னெண்டு சொல்லுறது." பாதி எரிந்த சிகரெட்டை அணைத்தான். "இஞ்ச வந்து நிக்கிற நேரமெல்லாம் அது உள்ளுக்க நிக்குது எண்டு தெரியும். எனக்கு என்னில நம்பிக்கை இல்லை அக்கா. அதுதான் எடுத்தனான்."

பயந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு முதலே அவன் பயந்திருக்கிறான், தனிய. அவன் முதுகில் கையை வைத்தேன். எலும்பு. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"இப்பவும் அப்பிடி நினைப்பு வருதோ?"

கேட்டுவிட்டேன். ஒரு கிழமையாக வாய்க்குள் வைத்துப் பூட்டின கேள்வி. வானம் இடிந்து விழவில்லை. கீழே யாரோ காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யோசித்தான். "இண்டைக்கு இல்லை." பிறகு, "நாளைக்கும் கேளுங்கோ."

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. அப்படியே குடித்தோம்.

இவருக்குச் சொன்னேன். ஜாக்கெட் பொக்கற் எல்லாவற்றையும் வெளியே புரட்டி உதறினார். திங்கள் கிளினிக்கில் டொக்டர், மூவரும் போவது.

ஒக். 31, சனி

வானம் மூட்டம். பின்னேரம் முகமூடி போட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள், மிட்டாய் வாங்கவில்லை. எனக்கு ஓவர்டைம். இவர் துறைமுகம் போய்விட்டார், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று. வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே தம்பியிடம் நேற்றுக் கேட்டதையே கேட்டேன்.

"ஓம்," என்றான். "இண்டைக்கு இருக்கு."

சப்பாத்தைக் கழற்றினேன்.